கொரியத் தொடர்களில் தெரிகிற கொரியா எவ்வளவு நிஜம்?

கேள்வி கேட்ட நண்பர் பொதுமுடக்கக் காலத்தில் ஆரம்பித்து இதுவரை இருபதுக்கும் மேற்பட்ட கொரிய வரலாற்றுத் தொடர்களைப் பார்த்து முடித்திருக்கிறார். ‘இவற்றில் எத்தனை சதவீதம் உண்மை? இவற்றைப் பார்த்ததை வைத்துக் கொரிய வரலாறு எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாமா?’ என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில், ‘நம் ஊர் இளவரசி செம்பவளம் கொரியாவுக்கு ராணியாகப் போன கதையையும் சொல்லுங்கள்’ என்று ஒரு கொக்கியும் போட்டிருக்கிறார். சதவீதக் கணக்கை அவர் உண்மையில் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒருத்திக்காக உட்கார்ந்து அழுதோமே, அப்படி ஒருத்தி இருந்தாளா இல்லையா என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி. அதற்குப் பதில் உண்டு. ஒரு வரியில் அடங்காது, அவ்வளவுதான்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரிய உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தவன். பிறகு சியோலில் இரண்டு ஆண்டுகள் மொழி படித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொடர்களுக்கும் படங்களுக்கும் தமிழ் வசனமும் சப்டைட்டிலும் எழுதிப் பிழைக்கிறேன். வரலாற்றுத் தொடர் கைக்கு வந்தால் ஒவ்வொரு பெயரையும் மூல ஆவணத்தில் தேடிப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. கூலி நிமிடக் கணக்கில். தேடுவதற்குக் காசு கிடையாது. நான் வரலாற்றாசிரியன் அல்லன். பழைய கொரிய ஆவணங்கள் செவ்வியல் சீனத்தில் எழுதப்பட்டவை, அது எனக்குப் படிக்க வராது. தற்காலக் கொரிய மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறேன். இந்த அளவோடு நான் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஜோசன் அரச மரபின் காலத்தில், அதாவது 1392க்கும் 1910க்கும் இடையில் நடப்பவையாக இருக்கும். அந்த மரபு தன்னைப் பற்றி எழுதி வைத்ததைப் போல எழுதி வைத்த அரசுகள் உலகத்திலேயே குறைவு. ‘சில்லோக்’ என்று அந்தக் குறிப்புகளுக்குப் பெயர். 25 மன்னர்கள், 472 ஆண்டுகள், 1,893 பாகங்கள். 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் இடம்பெற்றது. மன்னர் யாருடன் பேசினாலும் பக்கத்தில் எழுத்தர் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். மன்னர் இறந்த பிறகுதான் அதைத் தொகுப்பார்கள். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மன்னரே எடுத்துப் பார்க்கக் கூடாது என்பது விதி. 1404இல் தேஜோங் என்ற மன்னர் மான் வேட்டைக்குப் போன இடத்தில் குதிரையிலிருந்து விழுந்துவிட்டார். அடியில்லை. எழுந்தவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இது எழுத்தருக்குத் தெரிய வேண்டாம் என்றார். அவர் விழுந்ததும் சில்லோக்கில் இருக்கிறது, தெரிய வேண்டாம் என்று சொன்னதும் இருக்கிறது. 1592இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது நான்கு இடங்களில் வைத்திருந்த பிரதிகளில் மூன்று அழிந்தன. ஜோன்ஜு நகரத்துப் பிரதியை மட்டும் உள்ளூர் அறிஞர்கள் இருவர் மலைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றினார்கள்.

இவ்வளவு எழுத்து இருப்பதால், எந்த மன்னர் எந்த ஆண்டு பட்டமேற்றார், எந்த அமைச்சரை எந்தத் தீவுக்கு நாடுகடத்தினார், எந்த ராணிக்கு விஷம் கொடுக்கப்பட்டது என்பன போன்ற விஷயங்களில் ஒழுங்கான தொடர்கள் பெரும்பாலும் தவறு செய்வதில்லை. செய்தால் மறுநாள் காலையிலேயே பிடித்துவிடுவார்கள். சில்லோக் முழுவதும் தற்காலக் கொரிய மொழியில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்த எழுத்தர் உட்கார்ந்திருந்தது அரசவையில். சமையல்கட்டில் அவர் இல்லை. அந்தப்புரத்தில், அடிமைகளின் குடிசையில், சந்தையில், வயலில் இல்லை. தொடர் எழுதுகிறவர்கள் போய்க் குடியேறுவது அந்த இடங்களில்தான். நீங்கள் அழுத காட்சியும் அநேகமாக அங்கேதான் நடந்திருக்கும்.

ஜாங்குமை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் எம்.பி.சி. தொலைக்காட்சி 54 பகுதிகளாக ஒளிபரப்பிய தொடரின் நாயகி. அனாதைச் சிறுமி அரண்மனைச் சமையல்கட்டில் சேர்ந்து, சூழ்ச்சியில் சிக்கித் துரத்தப்பட்டு, மருத்துவம் கற்றுத் திரும்பி வந்து மன்னருக்கே வைத்தியம் பார்க்கிற கதை. இலங்கையிலிருந்து ஈரான் வரை வீடுகளில் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சில்லோக்கில் அந்தப் பெயர் ஜுங்ஜோங் மன்னரின் காலத்தில் (1506–1544) ஏறத்தாழப் பத்து இடங்களில் வருகிறது. அவள் ஒரு பெண் மருத்துவர்; அந்தச் சமூகத்தில் தாழ்ந்த படியில் இருந்த தொழில் அது. 1515இல் பிரசவத்துக்குப் பின் ராணி இறந்தபோது அவளைத் தண்டிக்க வேண்டும் என்று அதிகாரிகள் கொதித்தார்கள். இன்னோர் இடத்தில் அரிசியும் சோயாவும் பரிசாகப் பெறுகிறாள். 1544இல், சாவுக்குச் சற்று முன், நோயைப் பற்றிக் கேட்ட அமைச்சர்களிடம் மன்னர், என் உடம்பு எப்படி என்று பெண் மருத்துவருக்குத் தெரியும் என்கிறார். ஆண் வைத்தியர்கள் வரிசையாக நிற்கும்போது ஒரு மன்னர் இப்படிச் சொன்னார் என்பது சாதாரண விஷயமில்லை.

அவ்வளவுதான். அவள் பிறந்த ஊர் இல்லை, பெற்றோர் இல்லை, இறந்த ஆண்டு இல்லை. எல்லாக் குறிப்புகளும் ஒரே பெண்ணைப் பற்றியவைதானா என்று கேட்கிற ஆய்வாளர்களும் உண்டு. அவள் சமையல்காரியாக இருந்தாள் என்பதற்கு ஒரு வரி கூடக் கிடையாது. அந்தச் சமையல்கட்டு, தோழி, காதலித்த அதிகாரி, பழிவாங்கல் எல்லாம் எழுத்தாளரின் கைவேலை. அப்படியென்றால் அது பொய்யா? என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ‘பெண் மருத்துவருக்குத் தெரியும்’ என்ற அந்த ஒரு வரியை அரசவை எழுத்தர் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். யாரப்பா அந்தப் பெண் என்று யாராவது ஒருவர் நின்று கேட்க நாலரை நூற்றாண்டு ஆயிற்று.

ஆனால் சமையல்கட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்தத் தொடரில் அரண்மனைச் சமையல் முழுக்கப் பெண்கள் ராஜ்யம். ஜோசன் சட்டத் தொகுப்பில் அரண்மனை உணவுத் துறைக்கு ஒதுக்கப்பட்ட சமையல்காரர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இன்று ‘அரண்மனைச் சமையல்’ என்று கொரியா பாதுகாத்து வைத்திருப்பது, மரபு முடிந்த பிறகும் உயிரோடிருந்த கடைசி அரண்மனைப் பெண்களின் கைப்பக்குவத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டில் மீட்டெடுத்தது. அதாவது 1900ஐ ஒட்டிய அடுப்படி நினைவை 1500க்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கிறார்கள். இதே வகையில் இன்னொரு சோதனை இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தே நீங்கள் செய்து பார்க்கலாம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பொருள். கொரியாவுக்கு அது பதினாறாம் நூற்றாண்டின் கடைசிவாக்கில்தான் வருகிறது. ஆகவே 1500இல் நடக்கும் தொடரில் சிவக்கச் சிவக்கக் கிம்ச்சி பரிமாறினால், ராஜராஜ சோழன் பந்தியில் மிளகாய்ப் பொடி வைத்து இட்லி போட்ட மாதிரி. கொரியர்களும் இதைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

உடையிலும் இந்தக் காலக் கலப்படம் நிறைய. பெண்கள் அணியும் மேற்சட்டை பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் இடுப்பு வரை நீண்டு தளர்வாக இருந்தது. கல்லறைகளில் கிடைத்த துணிகளே சாட்சி. பதினெட்டாம் நூற்றாண்டில்தான் மார்புக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிற அளவுக்குக் குறுகியது. ஓவியர்கள் வரைந்து வைத்ததும் நம் மனதில் ‘கொரியப் பெண்’ என்று பதிந்ததும் அந்தக் குட்டைச் சட்டைதான். ஆகவே எந்த நூற்றாண்டுக் கதையானாலும் அதையே மாட்டிவிடுகிறார்கள். பெரிய பொய்முடிக் கொண்டைகளும் அப்படித்தான். அவற்றின் விலை தாங்காமல் குடும்பங்கள் கடனாளியாகின்றன என்று யோங்ஜோ மன்னர் 1756இல் தடை போட்டார். தடைக்கு அடுத்த தலைமுறைக் கதையிலும் அரண்மனையில் ஆளுக்கொரு கோபுரம் சுமக்கிறார்கள். குடியானவர்கள் வண்ண வண்ணமாக உடுத்துவதும் கேமராவுக்காகச் செய்வது. சாதாரண மக்கள் பெரும்பாலும் சாயமேற்றாத வெள்ளை உடுத்தினார்கள். கொரியர்கள் தங்களை ‘வெள்ளாடை மக்கள்’ என்று சொல்லிக்கொள்வதே அதனால்தான். ஆண்கள் தலையில் வைக்கும் கறுப்புத் தொப்பி மட்டும் பெரும்பாலான தொடர்களில் நன்றாகவே செய்யப்படுகிறது. மூங்கில் இழையும் குதிரை வால்முடியும் கொண்டு பின்னுவது அது. உள்ளே இருக்கிற குடுமி வெளியே தெரிகிற மெல்லிசு. நெட்ஃபிளிக்ஸில் 2019இல் வந்த ஒரு பிணப்பேய்த் தொடரைப் பார்த்துவிட்டு உலகமே பேயை விட்டுவிட்டு அந்தத் தொப்பியைப் பற்றிப் பேசியது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். மற்றதை யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். தமிழில் பார்க்கும்போது கையிலிருந்து நழுவிப் போவதை மொழிபெயர்த்தவன்தான் சொல்ல முடியும். அரசவைக் காட்சியில் அமைச்சர்கள் தரையில் விழுந்து மன்னரை ‘ஜோன்ஹா’ என்று அழைப்பார்கள். தமிழில் நாங்கள் ‘மன்னா’ என்று போடுவோம். வாயசைப்புக்கு அச்சாகப் பொருந்தும், இரண்டு அசை. சில தொடர்களில் ‘பேஹா’ என்று ஒரு சொல் வரும். அதுவும் இரண்டு அசை, அதற்கும் ‘மன்னா’ என்றே போட்டுவிடலாம். என் முதல் வரலாற்றுத் தொடரில் அப்படித்தான் போட்டேன். அதில் 1897ஆம் ஆண்டுப் பகுதி ஒன்று வந்தது. கிழட்டு அமைச்சர் ஒருவர் மன்னர் முன் நின்று ஒரே ஒரு சொல் சொல்கிறார், குரல் உடைகிறது, சுற்றி நிற்பவர்கள் அழுகிறார்கள். தமிழில் ‘மன்னா’ என்று கேட்கிறது. நாற்பது பகுதிகளாகச் சொன்ன அதே ‘மன்னா’. இந்தக் கிழவர் எதற்கு அழுகிறார் என்று யாருக்கும் புரியாது.

விஷயம் இதுதான். ஜோசன் மன்னர்கள் சீனப் பேரரசருக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்று ஒப்புக்கொண்டு ஆண்டவர்கள். ‘பேஹா’ என்பது பேரரசருக்கு மட்டுமே உரிய அழைப்பு. கொரிய மன்னருக்கு அதற்கு ஒரு படி கீழான ‘ஜோன்ஹா’. வாழ்த்தும் அப்படியே. பேரரசருக்கு ‘பத்தாயிரம் ஆண்டு’ என்று முழங்குவார்கள், மன்னருக்கு ‘ஆயிரம் ஆண்டு’தான். 1897இல் கோஜோங் மன்னர் தன்னைப் பேரரசராக அறிவித்தபோதுதான் அரசவையில் அந்த மேல்படிச் சொல் ஒலிக்கிறது. பதின்மூன்று ஆண்டுகளில் நாட்டை ஜப்பான் விழுங்கிவிடப்போகிறது என்பது பார்க்கிற கொரியருக்குத் தெரியும். அந்தக் கிழவரின் ஒரு சொல்லில் ஐந்நூறு ஆண்டு இருக்கிறது. நான் ஓடிப்போய் ‘அரசே’, ‘பேரரசே’ என்று பிரித்து எழுதிக் கொடுத்தேன். ‘பேரரசே’ நான்கு அசை, வாய் மூடிய பிறகும் குரல் வருகிறது என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் வெட்டிவிட்டார்கள். வாழ்த்தொலி இரண்டும் ‘மன்னர் வாழ்க’ ஆயிற்று. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் காட்சி எனக்கு இன்றும் உறுத்துகிறது. சப்டைட்டிலில் வாயசைப்புத் தொல்லை இல்லை என்பதால், வரலாற்றுத் தொடர்களையாவது மூல ஒலியில் பாருங்கள் என்பேன். என் வயிற்றில் நானே அடித்துக்கொள்வது போலத்தான் இந்த ஆலோசனை.

அதற்காக அந்த மூல ஒலியை அசல் பழங்கொரியம் என்று நம்பிவிடவும் வேண்டாம். அந்த ராஜ நடை பிற்கால நாவல்களும் தொலைக்காட்சியும் சேர்ந்து உருவாக்கிக்கொண்ட ஒரு மேடைமொழி. நம் பழைய ராஜா ராணிப் படங்களின் தமிழைச் சேரனோ பாண்டியனோ பேசியிருக்க மாட்டான் அல்லவா, அதே கதைதான். எழுத்தை உருவாக்கிய செஜோங் மன்னரின் பதினைந்தாம் நூற்றாண்டுப் பேச்சை அப்படியே பேசினால் இன்றைய சியோல்காரருக்கே சப்டைட்டில் தேவைப்படும்.

ஆவணம் இல்லாத இடத்தில் கற்பனை என்றேன். ஆவணம் இருந்தும் அதை நம்ப முடியாத இடங்களும் உண்டு, அவைதான் எனக்குப் பிடித்தவை. குவாங்ஹே என்ற மன்னர் 1608 முதல் 1623 வரை ஆண்டு, ஆட்சிக் கவிழ்ப்பில் தூக்கியெறியப்பட்டவர். அவரது காலக் குறிப்புக்குச் சில்லோக் என்ற மரியாதை கூடக் கிடையாது, வெறும் ‘நாட்குறிப்பு’ என்றுதான் பெயர். தொகுத்தவர்கள் அவரைக் கவிழ்த்தவர்கள். நல்லதாக எழுதுவார்களா? அதில் 1616ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றில், மறைக்க வேண்டிய விஷயங்களை அரசிதழில் போட வேண்டாம் என்று மன்னர் சொன்னதாக வருகிறது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அந்த நாட்களில் மன்னரைப் போலவே முகமுள்ள ஒரு கூத்தாடி அரியணையில் உட்கார்ந்திருந்தான் என்று 2012இல் ஒரு படம் எடுத்தார்கள். ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரையரங்கில் பார்த்தார்கள். கூத்தாடி சுத்தக் கற்பனை. ஆனால் குவாங்ஹே வெறும் கொடுங்கோலன் இல்லை, மிங் சீனத்துக்கும் மஞ்சுக்களுக்கும் நடுவில் நாட்டைப் போரில் மாட்டாமல் நகர்த்தப் பார்த்தவர் என்பது இருபதாம் நூற்றாண்டிலிருந்தே பல ஆய்வாளர்கள் சொல்லிவருவது. படம் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டது.

சாதோ இளவரசரின் கதையை எத்தனை முறை எடுத்தாலும் கொரியர்கள் போய்ப் பார்ப்பார்கள். 1762ஆம் ஆண்டுக் கோடையில் யோங்ஜோ மன்னர் தன் மகனையே அரிசிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார், எட்டு நாளில் பையன் செத்துப்போனான். வயது 27. இது நடந்தது, இதில் ஐயமில்லை. ஏன் நடந்தது என்பதில்தான் சண்டை. இளவரசரின் மனைவி கிழவியான பிறகு, 1795க்கும் 1805க்கும் இடையில் எழுதிய நினைவுக் குறிப்புகளில், கணவருக்கு மனநோய், ஆட்களைக் கொன்றார் என்று விவரமாகச் சொல்கிறார். அதே நேரத்தில், இளவரசர் சாவில் அவருடைய பிறந்த வீட்டுக்குப் பங்குண்டு என்ற பழி ஊரில் இருந்தது. அந்த அம்மையார் எழுதியது கணவரின் கதையையா, அப்பாவின் பெயரைக் காப்பாற்றும் வழக்குரையையா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், சாதோவின் மகன் ஜோங்ஜோ பட்டத்துக்கு வருவதற்குச் சற்று முன், அரசவைச் செயலகத்தின் நாட்குறிப்பிலிருந்து அந்த ஆண்டு விவரங்களை நீக்கும்படி தாத்தாவிடம் வேண்டிக்கொண்டு நீக்கவும் வைத்தார். ஆக, தெரிந்தவர்கள் கழுவிவிட்டார்கள், எழுதியவர் ஒரு பக்கத்து ஆள். சாதோவைப் பைத்தியக்காரராகக் காட்டினாலும் கட்சிச் சூழ்ச்சிக்குப் பலியான அப்பாவியாகக் காட்டினாலும், இயக்குநர் ஏதோ ஓர் அணியில் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

‘ராணி சோந்தோக்’ என்ற 2009ஆம் ஆண்டுத் தொடரை நீங்கள் பார்த்திருந்தால், மிஷில் என்ற அந்த வில்லியை மறந்திருக்க மாட்டீர்கள். சோந்தோக், ஜோசனுக்கு வெகு முந்தைய சில்லா நாட்டை 632 முதல் 647 வரை ஆண்ட உண்மையான அரசி. மிஷிலோ பழைய வரலாற்று நூல் எதிலும் இல்லை. 1989இல் பூசானில் வெளியான ஒரு கையெழுத்துப் படியில் மட்டும் இருக்கிறாள். எட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டுத் தொலைந்துபோன நூலின் நகல் அது என்று சிலர் சொல்கிறார்கள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஒருவர் உட்கார்ந்து புனைந்தது என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். நான் பெரும்பாலோர் பக்கம். பாவம், தொடரில் அவள் இல்லாவிட்டால் பாதி உயிர் போய்விடும்.

இதெல்லாம் பழைய காலத்து விஷயம், யாருக்கு என்ன என்று கேட்பீர்கள். கொரியாவில் அப்படி விட மாட்டார்கள். குலவரிசைப் புத்தகம் வீட்டுக்கு வீடு இருக்கிற நாடு அது. 1597இல் மியோங்னியாங் நீரிணையில் தளபதி யி சுன்-சின் 13 கப்பல்களை வைத்துக்கொண்டு ஜப்பானியரின் 133 கப்பல்களைத் தடுத்தார். அந்த எண்ணிக்கை அவர் கைப்பட எழுதிய நாட்குறிப்பிலேயே இருக்கிறது. 2014இல் அது படமாகி, ஒரு கோடியே எழுபத்தாறு லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் பே சோல் என்ற அதிகாரி யி சுன்-சினைக் கொல்ல ஆள் அனுப்பி, ஆமைக் கப்பலைக் கொளுத்திவிட்டுத் தப்பும்போது அம்புபட்டுச் சாகிறார். உண்மையில் அவர் போருக்கு முன்பே படையை விட்டு ஓடியவர், பிறகு பிடிபட்டு 1599இல் தலை வெட்டப்பட்டவர். ஓடினார் என்பது சரி, கொளுத்தினார் என்பது புளுகு. எங்கள் முன்னோரை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று பே குலத்தார் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். செத்து 415 ஆண்டுகள் ஆன மனிதருக்காக!

குலத்துக்கே இப்படி என்றால் நாட்டுக்கு எப்படி இருக்கும்? 2002இல் சீனா தன் வடகிழக்கு எல்லை வரலாறு பற்றி ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கி, கொரியர்கள் தங்களுடையதாகக் கருதும் பழைய கோகுரியோ அரசு சீன வரலாற்றின் பகுதி என்கிற போக்கில் எழுத ஆரம்பித்தது. 2006இல் கொரியத் தொலைக்காட்சிகளில் கோகுரியோ வீரர்களைப் பற்றிய தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. தற்செயல் இல்லை. 2021 மார்ச்சில் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒரு பேயோட்டித் தொடர் ஆரம்பித்தது. பிற்காலச் செஜோங் மன்னர், இளவரசராக, மேல்நாட்டுப் பாதிரியாருக்கு விருந்து வைக்கும் காட்சியில் மேசை மீது சீன நிலாப் பணியாரமும் சீனப் பாணியில் பதப்படுத்திய முட்டையும் இருந்தன. அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. விளம்பரதாரர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள், இரண்டே பகுதிகளோடு தொடர் நிறுத்தப்பட்டது. மன்னர் தேஜோங்கை வெறிபிடித்துக் குடிமக்களை வெட்டுகிறவராகக் காட்டியதும் கோபத்துக்குக் காரணம். பேய் வருகிற கதையில் முட்டைக்குச் சண்டையா என்று நாம் சிரிக்கலாம். ஆனால் அந்த மாதங்களில் கிம்ச்சி யாருடையது, ஹன்போக் உடை யாருடையது என்று இரு நாட்டு இணையங்களும் அடித்துக்கொண்டிருந்தன. ஆகவே ஒரு தொடர் எந்த ஆண்டைப் பற்றியது என்பதோடு எந்த ஆண்டில் எடுத்தது என்பதையும் பார்ப்பது நல்லது.

கேள்வியில் இல்லாவிட்டாலும் அண்மைக்கால வரலாற்றைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ராணுவம் மக்களைச் சுட்டது. ராணுவ ஆட்சி இருந்தவரை அதைத் திரையில் காட்டவே முடியாது. 1995இல் ஒரு தொடர் துணிந்து காட்டியபோது, ஒளிபரப்பு நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடின. அந்தப் படுகொலையைப் படமெடுத்து பிஸ்கட் டப்பாவில் ஒளித்து வெளியே கொண்டுபோன ஜெர்மானியச் செய்தியாளர் யூர்கன் ஹின்ஸ்பீட்டர், தன்னைக் காரில் அழைத்துப்போன கிம் சா-போக் என்ற ஓட்டுநரைப் பிற்காலத்தில் தேடித் தேடிக் காணாமலே 2016இல் இறந்தார். 2017இல் அந்த ஓட்டுநரைப் பற்றிய படம் வந்தது. காசுக்காக அடுத்தவர் சவாரியைத் தட்டிப் பறித்து, அரைகுறை ஆங்கிலத்தோடு ஒன்றும் அறியாமல் குவாங்ஜுவுக்குள் போய் மாட்டிக்கொள்கிற ஏழை டாக்சிக்காரர் என்று காட்டினார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பழைய புகைப்படத்தோடு வந்து, அது என் அப்பா என்றார். அப்பா 1984இலேயே புற்றுநோயில் இறந்துவிட்டார். ஹோட்டலோடு சேர்ந்து கார் ஓட்டியவர், ஆங்கிலம் நன்றாகவே தெரிந்தவர், எங்கே போகிறோம் என்று தெரிந்தே போனவர். படம் ஆளைத் தப்பாகக் காட்டியது. படம் வராமல் இருந்திருந்தால் ஆளே கிடைத்திருக்க மாட்டார்.

ஆகவே, கொரிய வரலாறு தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாமா என்றால், மன்னர்களின் வரிசையும் போர்களின் பெயர்களும் உங்களுக்கு ஓரளவு சரியாகவே தெரியும், கூச்சப்படாமல் சொல்லிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் எப்படி இருந்தார்கள், எப்படிப் பேசினார்கள், யார் யாரைக் காதலித்தார்கள் என்பதில் வாயை மூடிக்கொள்ளுங்கள். பண்பாட்டில் எனக்குக் கண்ணெதிரே பொருந்திய ஒன்று உண்டு: பெரியவர் முன் இளையவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மது அருந்துவது. தொடரில் பார்த்ததை அப்படியே தொழிற்சாலை விருந்துகளில் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயது மேலாளர், அறுபது வயதுக்காரர் முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி திரும்பிக் குடித்தார்.

கடைசியாக, செம்பவளம். அந்தத் தமிழ்ப் பெயர் எந்தக் கொரிய ஏட்டிலும் இல்லை. நம் பக்கத்தில் வைத்துக்கொண்டது. ஏட்டில் இருக்கிற பெயர் ஹோ ஹ்வாங்-ஓக். இல்யோன் என்ற பௌத்தத் துறவி பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொகுத்த ‘சம்குக் யூசா’ என்ற நூலில், கி.பி. 48இல் ‘அயுதா’ என்ற நாட்டிலிருந்து பதினாறு வயது இளவரசி கப்பலில் வந்து காயா நாட்டு மன்னர் சூரோவை மணந்தாள் என்று இருக்கிறது. நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் நடுவே ஆயிரத்து இருநூறு ஆண்டுகள். அயுதா எந்த ஊர் என்பதற்கு உறுதியான சான்று எவரிடமும் இல்லை. அயோத்தி என்கிறார்கள், 2001இல் அங்கே நினைவுச் சின்னமும் வைத்தாயிற்று. ஆனால் அந்த நகரம் பழைய பௌத்த நூல்களில் சாகேதம் என்றே வருகிறது. கன்னியாகுமரிப் பக்கத்து ஆய் நாடு என்று நம்மவர்கள் சொல்வதற்கு ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. ‘அப்பா’, ‘அம்மா’ ஒத்துப்போகிறதே என்பீர்கள். பல் முளைக்காத குழந்தைகள் உலகமெங்கும் உதட்டெழுத்துகளைத்தான் முதலில் உளறுகின்றன. கொரிய இலக்கணத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே புத்தகம் போட்டார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. வந்தாள் என்று நிரூபிக்க முடியாது, வரவே இல்லை என்றும் முடியாது; தமிழச்சி என்று சொல்ல மட்டும் நமக்கு ஆதாரம் இல்லை. 2010இல் காயா மன்னர் சூரோவைப் பற்றி ஒரு தொடர் வந்தது, அவளும் அதில் வருகிறாள். அதை ஆதாரமாக யாராவது உங்களுக்கு அனுப்பினால் நம்பாதீர்கள்.

அவளுடைய பிள்ளைகளில் இருவர் மட்டும் தாயின் பெயரான ஹோவை எடுத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் தந்தை வழியில் கிம் ஆனார்கள் என்பது அந்த மரபுக் கதை. அந்தக் கிம் வழியில் வந்தவர்களாகச் சொல்லிக்கொள்ளும் கிம்ஹே ஊர்க் கிம் ஒருவர் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தார், அவரிடம் இதைக் கேட்டேன். கதை நிஜமா என்று தனக்குத் தெரியாது என்றார். ஆனால் தன் தங்கைக்கு வந்த ஒரு நல்ல வரனை, பையன் கிம்ஹே ஹோ என்று தெரிந்ததும் பாட்டி வேண்டாம் என்றுவிட்டாராம். பங்காளிகளாம்.